கையில் பிடித்த மீட்டரும் தோளில் மாட்டிய மீட்டரும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. உன்னைப் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று படித்ததும் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. மெஷின் பக்கத்தில் நின்று வேலை பார்த்த ஒருவன் அந்த இடத்துக்குப் போவது நல்லது, தொழிலாளி சொல்வது உனக்குப் புரியும், உன்னிடம் அவர்களும் மறைக்காமல் பேசுவார்கள். இங்கே எல்லோரும் நலம். மகள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அதே இரைச்சல் அளக்கும் வேலைதான், இன்னும் அலுக்கவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கையில் சவுண்ட் மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வந்தாய், 84 டெசிபல் காட்டியது, 85 என்ற வரம்புக்குக் கீழே இருப்பதால் பிரச்சினை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து எழுதிக் கொடுக்காதே. அந்த 84, நீ நின்ற இடத்தில் நீ நின்ற நேரத்துக்கு மட்டும் உள்ள கணக்கு. அங்கே வேலை செய்கிறவர் ஒரே இடத்தில் நிற்பதில்லை, குனிகிறார், கிரைண்டர் பக்கம் போகிறார், ஏர் கன்னை எடுத்து மெட்டல் தூளை ஊதுகிறார், ஷிப்ட் முடிவதற்குள் அவர் காதுக்குள் மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்பதை அவர்மேலேயே மீட்டரை மாட்டிவிட்டால்தான் தெரிந்துகொள்ள முடியும். டோசிமீட்டர் என்பது அதற்காகத்தான்.

இப்போது வருபவை உள்ளங்கைக்குள் அடங்கும், ஒயர்கூடக் கிடையாது, தோளிலேயே கிளிப் போட்டு மாட்டிவிடலாம். எந்தக் காது சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத் தோளில், காதுத் துளையிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி, தோளுக்கு மேலே சுமார் 4 சென்டிமீட்டர் உயரத்தில் மைக் நிற்க வேண்டும் என்று வேலையிட இரைச்சலை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9612 சொல்கிறது. மைக்மேல் இருக்கும் பஞ்சு உறையைக் கழற்றவே கழற்றாதே, காற்று பட்டாலே கணக்கு கெட்டுவிடும். சட்டைக் காலர் உரசாமல் பார்த்துக்கொள், பாதுகாப்பு பெல்ட் போடுகிறவர் என்றால் போட்ட பிறகு இன்னொரு முறை பார். மாட்டுவதற்கு முன்னால், அளவு தெரிந்த சத்தத்தை மைக்குக்குக் கொடுக்கும் காலிபரேட்டரை வைத்து 94 அல்லது 114 டெசிபலில் சரிபார்க்க வேண்டும், ஷிப்ட் முடிந்து கழற்றியதும் அதே மாதிரி இன்னொரு முறை. இரண்டுக்கும் அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய அளவீட்டைத் தூக்கிப் போட்டுவிடு, மனசு கேட்காவிட்டாலும்.

இதைவிட முக்கியம், மாட்டிக்கொள்கிறவரிடம் உட்கார்ந்து பேசுவது. தன்னை வேவு பார்க்கிறார்கள், பேசுவதைப் பதிவு செய்கிறார்கள் என்று அவர் பயந்துவிட்டால் மீட்டரை லாக்கரில் வைத்துவிட்டுப் போய்விடுவார், இல்லையென்றால் வேண்டுமென்றே மைக்கில் கத்துவார். சாதாரண டோசிமீட்டர் பேச்சைப் பதிவு செய்யாது, சத்தத்தின் அளவை மட்டும்தான் எழுதிவைக்கும். சில மாடல்களில் ஒலிப்பதிவு வசதி உண்டு, உன்னிடம் இருப்பதில் அது இருந்தால் அணைத்துவிட்டு அவர் கண்முன்னாலேயே காட்டு. மாலையில் அவர் கணக்கை அவரிடமே முதலில் சொல். அது அவர் காது.

இப்போது நீ கேட்ட டோஸ் சதவீதம். 100 சதவீதம் என்றால் அன்றைக்கு அனுமதித்த அளவு முழுவதும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். குழப்பம் எங்கே வருகிறதென்றால், அமெரிக்காவிலேயே இரண்டு கணக்கு ஓடுகிறது. ஓஷா என்ற வேலையிடப் பாதுகாப்புத் துறையின் சட்ட வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல், 5 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். நியோஷ் என்ற ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை 8 மணி நேரத்துக்கு 85, 3 டெசிபல் ஏறினாலே நேரம் பாதியாகிவிடும், ஏனென்றால் 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. அதனால் 100 டெசிபலில் ஓஷா கணக்குப்படி 2 மணி நேரம் நிற்கலாம், நியோஷ் கணக்குப்படி 15 நிமிடம்தான்.

உன் ஷெட்டையே எடுத்துக்கொள்வோம். ஏழரை மணி நேரம் நீ சொன்ன அதே 84. ஏர் கன் பிடிக்கும்போது காதருகே 100 என்று வைத்துக்கொள், அங்கங்கே அரை நிமிடம் ஒரு நிமிடமாக நாள் முழுக்கச் சேர்த்தால் அரை மணி நேரம். நியோஷ் முறையில் 84 கொடுப்பது சுமார் 74 சதவீதம், அந்த அரை மணி நேரம் மட்டும் 200 சதவீதம், ஆக மொத்தம் 274. 80-ஐ அடிமட்டமாக வைத்து, அதாவது அதற்குக் கீழே உள்ள சத்தத்தைச் சேர்க்காமல், ஓஷா முறையில் போட்டால் சுமார் 66 சதவீதம்தான் வரும். ஒரே ஆள், ஒரே ஷிப்ட், ஒரே காது! உன் மீட்டரின் அமைப்பில் எது போட்டிருக்கிறது என்று பார்க்காமல் சதவீதத்தை மட்டும் அறிக்கையில் எழுதினால் அதைப் படிக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. என்னைக் கேட்டால் 3 டெசிபல் கணக்கைத்தான் நம்புவேன், உங்கள் சட்டம் எதைக் கேட்டாலும் இதையும் பக்கத்தில் எழுதிவை. அப்புறம், 66 வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது, 50-ஐத் தொட்டாலே காதுப் பரிசோதனை, பயிற்சி எல்லாம் கொடுக்க வேண்டும் என்று ஓஷாவே சொல்கிறது.

மொத்த சதவீதத்தோடு நிறுத்திவிடாமல் நிமிடத்துக்கு நிமிடம் வரும் வரைபடத்தைத் திற. எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் அதுதான். கோடு 84 பக்கம் தரையோடு போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஈட்டி மாதிரி மேலே போகும், உடனே இறங்கும். அன்று அவர் என்னென்ன செய்தார் என்று நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் அந்த ஈட்டி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிவிடலாம். மைக்கில் கை இடித்ததும் அப்படித்தான் தெரியும், அதனால் அந்தக் குறிப்பு இல்லாமல் எதையும் முடிவு செய்யாதே. மேலே சொன்ன நியோஷ் கணக்கில், ஏர் கன்னின் நாசிலை, அதாவது காற்று வெளியேறும் முனையை மாற்றியோ காற்றழுத்தத்தைக் குறைத்தோ 100-ஐ 90-க்குக் கொண்டுவந்தால், அந்த அரை மணி நேரம் 200-லிருந்து 20 சதவீதமாகிவிடும், மொத்தம் 100-க்குள் வந்துவிடும். கூரையைப் பிரிக்க வேண்டாம், மெஷினை மாற்ற வேண்டாம், நாசில் ஒன்று மாற்றினால் போதும். கை மீட்டரோடு சுற்றி வந்தவனுக்கு இது கண்ணில் பட்டே இருக்காது.

இயர் பிளக் கொடுத்துவிட்டோமே என்று மேலாளர் சொல்வார் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 30 டெசிபல் குறைக்கும் பிளக்கை எட்டு மணி நேர ஷிப்டில் வெறும் அரை மணி நேரம் கழற்றி வைத்தாலே உண்மையில் கிடைக்கும் பாதுகாப்பு 12 டெசிபலாக இறங்கிவிடும், பாதி நேரம் கழற்றினால் வெறும் 3. வியர்வையில், அவசரத்தில், பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்க வேண்டும் என்று எல்லோரும் கழற்றத்தான் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? முதலில் சத்தம் பிறக்கும் இடத்தில் குறைக்கச் சொல், பிளக் அதற்கு அப்புறம்தான்.

உன் அண்ணனைப் பற்றி நீ எழுதியது மனதை என்னவோ செய்தது. “சத்தம் கேட்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல” என்று அவர் சொல்வது இரைச்சலில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வதுதான். இரைச்சலால் வரும் கேடு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் தொடங்கும், ச, ஸ மாதிரி மெல்லிய ஒலிகள் அங்கேதான் முதலில் காணாமல் போகும். உட்காதில் சத்தத்தை உணரும் மயிர் செல்கள் செத்துப்போனால் திரும்ப முளைப்பதில்லை. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் ஆடியோமெட்ரி என்ற கேட்கும் திறன் பரிசோதனை எடுக்கக் கூட்டிக்கொண்டு போ, காது கருவி அவருக்கு நிறைய உதவலாம்.

ஒரு நாள் அளந்ததை வைத்து முடிவுக்கு வராதே. முழு ஷிப்ட் அளப்பதாக இருந்தால் குறைந்தது மூன்று நாள், அவற்றுக்குள் 3 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் இன்னும் இரண்டு. ஏர் கன் பிடிக்கிறவரிடமிருந்தே ஆரம்பி. மீட்டரிலிருந்து எடுத்த பதிவையும் நேரக் குறிப்பையும் எனக்கு அனுப்பிவை, வரைபடத்தைச் சேர்ந்தே பார்த்துவிடுவோம். காலிபரேட்டரைக் கடைசியாக எப்போது ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் என்பதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
குமரன்