நடக்க இடமில்லை என்ற அம்மிணிக்கு

கோபிசெட்டிபாளையம்
புரட்டாசிக் கடைசி

அம்மிணி,

சென்னையில் நடக்க இடமே இல்லை, வாசலை விட்டு இறங்கினால் வண்டியும் புழுதியும்தான் என்று போனில் சலித்துக்கொண்டாய். இடம் இருக்கிறது கண்ணு. வேளச்சேரியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் சதுப்பு நிலம், முட்காடு, ஆற்றங்கரைத் தோப்பு, கடற்கரை நாலும் இருக்கிறது. எந்த இடத்துக்கு எந்த மாசம், எத்தனை மணிக்கு, கதவு திறந்திருக்குமா என்பதைத்தான் தெரிந்துகொண்டு போகணும். நம்மூர்ப் பழக்கத்தில் எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால் அங்கே எந்த இடமும் பிடிக்காது.

முதலில் காற்றைப் புரிஞ்சுக்கோ. நம்ம பக்கம் வைகாசி முடிஞ்சதும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகாத்து இறங்கிவிடும். ஆடியில் வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துபோகும். அங்கே கடல் ஈரம். வேர்வை வழியுமே தவிரக் காயாது, காயாததால் உடம்புச் சூடும் இறங்காது. அதனால் முப்பத்திரண்டு டிகிரியே நம்மூர் முப்பத்தாறு மாதிரி ஆளை அடிக்கும். கோடையில் கடற்காற்று பெரும்பாலும் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் கரையேறும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று வலுத்த நாளில் அது பிந்தும். சில நாள் வராமலே போய்விடும். மத்தியானம் மூன்று மணிக்கும் காற்று மேற்கிலிருந்தே அடித்தால் அன்றைக்குப் பொழுதோட நடக்கப் போகாதே, சுவரும் தார் ரோடும் ஏழு மணி வரை அனல் கக்கும். வெடியால நேரம்தான் எல்லா மாசத்துக்கும் ஒத்துவரும். அங்கே சூரியன் நமக்குக் கால் மணி நேரம் போல முந்தி உதிக்கும். வைகாசி, ஆனியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் பொழுது புலர்ந்துவிடும். எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடு.

உனக்குப் பக்கமாக இருப்பது பள்ளிக்கரணை, அதிலேயே தொடங்கு. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம், ஏறக்குறைய 1,247 ஹெக்டேர். அதே வருஷம்தான் நம்ம வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் சேர்ந்தது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-ல். தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் பள்ளிக்கரணையில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. அதனால் அங்கே என்ன பறவை பார்க்கலாம் என்பதைத் தண்ணீர் மட்டம்தான் முடிவு பண்ணும். பூநாரை காலால் நின்று மேய்கிற பறவை, அதற்கு முழங்கால் ஆழத் தண்ணீர் வேணும். மழை கொட்டி சதுப்பு நிறைந்த வருஷத்தில் கார்த்திகையில் போய்ப் பூநாரையைக் காணோம் என்று திரும்புகிறவர்கள் ஏராளம். தண்ணீர் வற்றத் தொடங்குகிற தை, மாசியில் போ. வாத்துக்கூட்டத்துக்கு மார்கழி நல்லது.

வருஷம் முழுக்க இருக்கிறவை நீலத்தாழைக்கோழியும் இலைக்கோழியும். நீளவால் இலைக்கோழியை நின்று நிதானமாகப் பார். விரல்கள் அத்தனை நீளம். எடையைப் பரப்பிக்கொண்டு ஆம்பல் இலை முழுகாமல் அதன்மேல் நடக்கும். அந்த நீளவால் முட்டையிடும் பருவத்தில் மட்டும்தான். மற்ற மாசத்தில் வாலும் இருக்காது, கழுத்து மஞ்சளும் மங்கிவிடும். வேறு பறவை என்று நினைத்து விட்டுவிடாதே. அடைகாப்பதும் குஞ்சு பார்ப்பதும் ஆண். பெண் அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும்.

இருநூறடி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம், லாரி ஓட்டம் ஜாஸ்தி. வனத்துறை போட்டிருக்கிற பூங்கா நடைபாதையே போதும். காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி, அதாவது மேற்கு பார்த்து நின்றால்தான் நிறம் தெரியும். சூரியனைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். பெருங்குடிக் குப்பைமேட்டு நாற்றம் காற்றோடு வரும். அதற்குப் பயந்து போகாமல் இருந்துவிடாதே, காற்று திரும்பினால் தெரியாது.

அடுத்தது கிண்டி. உன் வார லீவு செவ்வாய் என்பதுதான் இங்கே சிக்கல். சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா மூன்றுக்கும் செவ்வாய்தான் விடுமுறை. வேறொரு நாள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போ. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு, 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. ஊர் நடுவில் இப்படி ஒன்று இருப்பதே பெரிய காரியம். காட்டுக்குள்ளே அனுமதி இல்லாமல் போகமுடியாது, அது நல்லதும்கூட. சிறுவர் பூங்காப் பக்கத்திலிருந்தே காட்டின் ஓரத்தைப் பார்க்கலாம்.

அந்தக் காட்டைப் பார்த்து ‘இதென்ன புதரு’ என்று ஏமாந்துவிடாதே. சத்தியமங்கலம் மலைக்காட்டோடு அதை ஒப்பிடக்கூடாது. அப்பாரு தோட்டத்து இட்டேரி வேலி எப்படி இருக்கும், கிளுவையும் சூரையும் பிரண்டையும் பின்னிக்கொண்டு கை நுழையாமல்? அந்த அடர்த்தியை நாலாபக்கமும் விரித்துவிட்ட மாதிரிதான் கிண்டி. சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு அது. மழை பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டுவது. மிச்ச மாசமெல்லாம் உப்புக்காற்று. அதைத் தாங்க மரங்கள் உயரம் போகாமல், தடித்த சின்ன இலையோடு நெருங்கி நிற்கும். கொஞ்சி, களா, குருந்து இதெல்லாம் பார்க்கலாம். குருந்து இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். கசக்க வேணுமென்றால் கீழே உதிர்ந்ததை எடு.

அங்கே இருக்கிற வெளிமான் நம்ம மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மேய்கிற அதே ஜாதி. அதற்குத் திறந்த புல்வெளி வேணும். தூரத்தில் வருகிற பகையைப் பார்த்து ஓடிப் பிழைக்கிற விலங்கு. புதர் மண்ட மண்ட அதற்கு இடம் குறையும், புள்ளிமானுக்குப் பெருகும். மரம் நட்டால் எல்லா இடத்துக்கும் நல்லது என்று உன் ஆபீஸில் யாராவது சொன்னால் இதைச் சொல்லு. நம்ம கொறங்காட்டுக்கும் இதே கதிதான், புல் நிலத்தைத் தரிசு என்று கணக்கெழுதிவிடுகிறார்கள். மானுக்கு பிஸ்கட், வாழைப்பழத்தோல் எதுவும் போடாதே. பிளாஸ்டிக் உறையோடு தின்று, அது இரைப்பையில் உருண்டு அடைத்துச் செத்த மான்கள் கிண்டியில் உண்டு.

அடையாற்றுக்கரைக்கு வா. கோட்டூர்புரத்தில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை ‘நிழல்’ என்ற அமைப்பினர் 2006-லிருந்து நாட்டுமரத் தோப்பாக ஆக்கியிருக்கிறார்கள். சின்ன இடம்தான், ஆனால் மரம் படிக்க அதுபோல வேறு இடம் இல்லை. அவர்கள் மரநடை நடத்துகிற நாளில் சேர்ந்துகொள். ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிப் பிரம்மஞான சபைத் தோட்டம். அங்கே பார்வையாளர் நேரம் குறைச்சல், கேட்டுக்கொண்டு போ. பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயல் காற்றில் சாய்ந்துவிட்டது; இப்போது நிற்பது விழுதுகள். நடுவில் வெறுமையாக இருக்கிறதே என்று நினைத்தால் அதுதான் காரணம்.

மரம் சாய்வதைப் பற்றி ஒன்று. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னைச் சாலையோரத்தில் ஏகப்பட்ட மரம் விழுந்தது. பெரும்பாலும் தூங்குமூஞ்சி, குல்மொகர் மாதிரி சீக்கிரம் வளர்கிற வெளிநாட்டு மரங்கள்தான். அடியைச் சுற்றி சிமெண்டு பூசி வேரை நெரித்ததும் சேர்ந்துகொண்டது. புங்கனும் புன்னையும் அவ்வளவு விழவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்று எச்சரிக்கை வந்த நாளும் அதற்கு அடுத்த நாளும் பூங்காப் பக்கம் போகாதே. மண் ஊறிப்போனால் காற்று நின்ற பிறகும் மரம் சாயும். தேங்கிய தண்ணீரில் இறங்கி நடக்கவே கூடாது. காலில் சின்னக் கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் ஏறிக்கொள்ளும்.

நீளமாக நடக்கணும் என்று ஆசை வந்தால் கடற்கரைதான். மெரினா வேண்டாம், பஜாரில் நடக்கிற மாதிரி இருக்கும். பெசன்ட் நகரிலிருந்து தெற்கே திருவான்மியூர் வரைக்கும் போ, முடிந்தால் நீலாங்கரை வரை. நீலாங்கரை வரை ஏழு கிலோமீட்டர் போல வரும். கடல் வற்றம் எத்தனை மணிக்கு என்று போனில் பார்த்து, காலை ஆறிலிருந்து எட்டுக்குள் வற்றம் வருகிற நாளாக எடுத்துக்கொள். அப்போதுதான் அலை நனைத்து இறுகின மணல் அகலமாகக் கிடைக்கும், அதில் கால் புதையாது. காய்ந்த மணலில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கரை கடல் பக்கம் சரிவாக இருப்பதால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழும்; ஒரே திசையில் போனால் இடுப்பு வலிக்கும். பாதி போய் அதே வழியில் திரும்பினால் சரியாகிவிடும்.

மணல்மேட்டில் ஊதாப் பூவோடு ஓடுகிற கொடி அடும்பு. இலை மாட்டுக் குளம்பு மாதிரி பிளந்திருக்கும். பக்கத்தில் பந்து பந்தாக முள்ளாகக் கிடப்பது இராவணன் மீசை, வெறுங்காலோடு மிதித்துவிடாதே. இந்த ரெண்டும்தான் மணலைக் கட்டிப் பிடிக்கின்றன. மீனவர் குப்பங்களில் வலை காய்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போ. வலையைத் தாண்டுவதும் மிதிப்பதும் அவர்களுக்கு ஆகாது. கேட்காமல் போட்டோ எடுக்காதே.

கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதே. அந்தக் கரையில் அடித்தளம் சட்டென்று சரியும், திரும்புகிற அலை காலடி மணலை அரித்து இழுக்கும். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடம்தான் கடலுக்குள் இழுக்கிற வாய்க்கால். வெளியூர்க்காரர்கள் அதைத்தான் பத்திரமான இடம் என்று தேர்ந்தெடுப்பார்கள். சொறி என்கிற ஜெல்லிமீன் பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே கழுவு. நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கிற கொடுக்கெல்லாம் வெடித்து எரிச்சல் கூடும்.

தை பிறந்ததும் பங்குனி ஆமை முட்டையிட வரும். 1988-லிருந்து மாணவர்கள் நடத்துகிற ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்று வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை பொதுமக்களையும் கூட்டிக்கொண்டு நடக்கிறது. அன்றைக்கு மத்தியானம் தூங்கிக்கொள், இரவு முழுக்க ஆகிவிடும். டார்ச், போன் வெளிச்சம் கூடாது. கரையேறுகிற ஆமை வெளிச்சம் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். ஆமை கண்ணில் படுவது அதிர்ஷ்டம். செத்த ஆமை பார்க்க நேரலாம், மனசைத் திடப்படுத்திக்கொண்டு போ. மூச்சுக்கு மேலே வரவேண்டிய பிராணி, இழுவை வலையில் மாட்டி மூச்சு முட்டிச் சாகிறது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியது. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள், ஒன்றரை மாசத்திலிருந்து ரெண்டு மாசத்தில் பொரியும். குஞ்சு விடுகிற சாயங்காலத்துக்குப் போக நடை தேவையில்லை, உன் சோம்பேறி ரூம்மேட்டையும் கூட்டிப்போகலாம்.

நன்மங்கலம் காப்புக்காட்டில் கொம்பன் ஆந்தை உண்டு. ஆனால் வனத்துறை அனுமதியோடு, தெரிந்தவர்களோடு மட்டும். பழைய கல்குவாரிக் குழிகளில் தண்ணீர் தேங்கியிருக்கும், ஓரம் செங்குத்து. வண்டலூர் பெரிசு, 602 ஹெக்டேர், அரைநாள் வேணும். மற்ற பேட்டைப் பூங்காவெல்லாம் வட்டமடிக்கத்தான். மழைநாளில் நாகேஸ்வரராவ் பூங்கா போதும்.

ரெண்டு மணி நேர நடைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள். வெறும் தண்ணீர் வேண்டாம். லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவு போடாதே. தலை சுற்றி, வேர்வை நின்று, தோல் காய்ந்து சுட்டால் அது களைப்பில்லை; நிழலில் படுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, உடனே ஆஸ்பத்திரி. வெடியாலத் தெருநாய் கூட்டமாக வந்தால் ஓடாதே, நின்று மெதுவாக விலகு. பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி.

அப்பாவின் எட்டு பெருக்கப் பைனாகுலரைப் பார்சலில் போட்டிருக்கிறேன். பத்துப் பெருக்கம் வாங்கித் தருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். கை நடுக்கமும் பத்து மடங்கு ஆகும். கடலோர ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் பையில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு வை. நிறம் மாறினதும் பொட்டலத்தை மாற்று. கடற்கரை போய்வந்த அன்றைக்கு முதலில் ஊதி மணலைப் போக்கு, அப்புறம் ஈரத்துணி, அப்புறம்தான் காய்ந்த துணி. துப்பட்டாவால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும், அப்பாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்.

அன்புடன்,
அம்மா