பச்சைக்கு ஒரு வார்த்தை

ஆசிரியருக்கு,

தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களின் வாழ்க்கையை வரையும் ஓவியர் சல்மான் தூர் பற்றிய ஞாயிறு கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அவருடைய பச்சையைச் சோகத்தின் நிறம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள் நான், சும்மா இருக்க முடியவில்லை. லாகூரில் பிறந்து நியூயார்க்கில் வரைபவர் அவர். 'நான்கு நண்பர்கள்' (2019) ஓவியத்தில் வீட்டுக்குள் ஆடும் இளைஞர்களைச் சுற்றியும் அதே பச்சைதான். அதில் எங்கே சோகம்? எனக்கென்னவோ, வெளிப்பார்வைக்குப் பயப்படாத நிம்மதிதான் தெரிகிறது.

அப்புறம், பூபேன் கக்கரை எப்படி விட்டீர்கள்? பரோடாவில் கணக்காளராக இருந்துகொண்டே வரைந்தவர். தழுவி நிற்கும் இரு ஆண்களைக் காசிப் பின்னணியில் 1982-லேயே தீட்டினார். வயதுவந்தோரின் தன்பாலின உறவு குற்றமல்ல என்று, சட்டத்தின் 377-ஆம் பிரிவு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018-இல்தான் வந்தது.

நிறத்தைப் பற்றி எழுதிவிட்டுப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டது என்ன நியாயம்? அடுத்த வாரமாவது வண்ணத்தில் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை