வரி முடிவுக்கு ஒரே விதி வேண்டும்: ரெப்போ பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம் ரெப்போவின் (நிரல் கோப்புகளையும் அவற்றின் வரலாற்றையும் கிட் மென்பொருள் காத்துவைக்கும் களஞ்சியம்) மெயின் கிளையில், அதாவது முதன்மைப் பிரதியில், சேர்ந்த அந்த கமிட்டை (பதிவான மாற்றத்தை) நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேதியைச் சரிபார்க்கும் ஒரு நிபந்தனையில் சின்னத் திருத்தம், அவ்வளவுதான். என்ன மாறியது என்று காட்டும் டிஃப்பைத் திறந்தால் கோப்பு முழுவதும் நீக்கியதாகச் சிவப்பு, கீழே அதே கோப்பு முழுவதும் சேர்த்ததாகப் பச்சை. ஒவ்வொரு வரியும் எங்கே முடிகிறது என்று கோப்பில் குறிக்கும் எல்எஃப் எல்லாம் சிஆர்எல்எஃப் ஆகிவிட்டது.

அதை எழுதிய புதியவர்மீது எனக்குக் கோபமில்லை. விண்டோஸில் வரி முடிவுக்கு 13 (சிஆர்), 10 (எல்எஃப்) என இரண்டு பைட்டுகள். லினக்ஸிலும் இன்றைய மேக்கிலும் 10 மட்டும். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாததை ஒவ்வொருவரும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நியாயமில்லை. ரெப்போதான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தக் கோப்பில், எந்த வரியை யார் எப்போது கடைசியாக மாற்றினார் என்று காட்டும் பிளேம் போட்டால் ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர், ஒரே தேதி. வட்டிக் கணக்கு தவறாக வருகிறது என்று புகார் வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் இருக்கும் விதிவிலக்கை யார், எதற்காக வைத்தார்கள் என்று தேடினால் வழி அடைபட்டு நிற்கிறது. எல்லோரும் போய் அந்தப் புதியவரிடம் கேட்கிறார்கள். அவர் வேலைக்குச் சேரும் முன்பே எழுதப்பட்ட வரிகளுக்கு அவர் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறார். இது அவருக்கு நேர்ந்திருக்கவே கூடாது. இடைவெளி, வரி முடிவு போன்ற வெற்றிட மாற்றங்களை ஒதுக்கிப் பார்க்கும் வசதி உண்டுதான், ஆனால் அதைத் தெரிந்தவருக்கு மட்டும்தான் அது உதவும்.

வரி முடிவு பற்றிப் புகார் சொன்னால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "உங்கள் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பைச் சரிபாருங்கள்." வரி முடிவைத் தானாக மாற்றச் சொல்லும் அந்த கிட் அமைப்பு அவரவர் கணினியில் இருப்பது. நாளைக்குச் சேர்பவரிடம் அது எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மாறிகளுக்குப் பெயர் வைப்பதற்குப் பக்கம் பக்கமாக விதி எழுதியிருக்கிறோம், இதற்கு ஒரு வரி இல்லை. ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஒட்டிக்கொண்ட ஒரு சிஆர், சர்வரில் அதை ஓடவிடாமல் செய்ததையும் நாம் எல்லோரும் பார்த்தோம். அப்போதும் அந்த ஒரு கோப்பை மட்டும் திருத்திவிட்டு நகர்ந்துவிட்டோம்.

கேட்பது இதுதான். எந்த வகைக் கோப்பை எப்படிக் கையாள வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் ஒரு கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பை ரெப்போவின் வேரில் (முதல் அடைவில்) வையுங்கள். உரைக் கோப்புகளுக்கு டெக்ஸ்ட்=ஆட்டோ (கிட்டே கண்டறிந்து சீராக்கும்), ஷெல் ஸ்கிரிப்டுக்கு எல்எஃப், விண்டோஸின் .bat கோப்புக்கு சிஆர்எல்எஃப், படங்களுக்கு பைனரி (வரி முடிவைத் தொடாதே). அது ரெப்போவோடு எல்லோருக்கும் போய்ச் சேரும். அப்புறம், 2018 முதல் கிட்டில் இருக்கும் ரீநார்மலைஸ் வசதியால் பழைய கோப்புகளின் வரி முடிவுகளை இந்த விதிப்படி சரிசெய்து, வேறெந்த மாற்றமும் கலக்காமல் தனி கமிட்டாகப் போடுங்கள். அதையும் சென்ற வார கமிட்டையும் பிளேம் தவிர்க்கும் பட்டியலில் சேர்த்தால் பழைய வரலாறு பெரும்பாலும் திரும்பத் தெரியும். அன்று திறந்திருக்கும் கிளைகளில் மோதல் வரும் என்பது உண்மை. அதனால் அந்தத் தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள்.

கோப்பை நானே எழுதித் தருகிறேன். அதை மெயின் கிளையில் மெர்ஜ் செய்யும் (சேர்க்கும்) உரிமை உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த வெளியீட்டுக்கு முன் இந்த ஒரு விதியை மட்டும் கொண்டுவாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுடன் பணியாற்றும் ஒரு நிரலாளர்