வாசகர் வட்டம் இருக்கிறது, வந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் நூலகங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நிறைய விஷயங்களைச் சரியாகவே எழுதிக்கொண்டு வந்தவர், கடைசிப் பத்தியில் "வாசகர் வட்டங்கள் இன்று பெயரளவுக்குத்தான் இருக்கின்றன" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். அந்த வரியை நாலு தடவை படித்தேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாலும் அதுதான் மனசில் ஓடுகிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கிளை நூலகத்தில் 2014 முதல் மாதாமாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குக் கூடி, எல்லாரும் படித்துவிட்டு வந்த ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். கொரோனா சமயத்தில் நின்றிருந்தது, அவ்வளவுதான். பன்னிரண்டு பேர் நிரந்தரம், சில மாதம் இருபது பேர்கூட வருவார்கள். எங்கள் படம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. அதற்காக நாங்கள் இல்லை என்று ஆகிவிடுமா?

ஒரு விஷயம் சொல்கிறேன். நூலகப் புத்தகத்தின் கடைசியில், இரவல் கொடுக்கும்போது முத்திரை குத்தத் தேதித் தாள் ஒட்டியிருப்பார்கள், உங்களுக்குத் தெரியும். 2016-இல் நாங்கள் பேச எடுத்த ஒரு நாவலில் கடைசியாக விழுந்திருந்த முத்திரை 2003. மை மங்கி, தாள் பழுப்பேறி, ஓரம் பூச்சி அரித்திருந்தது. பதின்மூன்று வருஷம் அதை யாரும் தொடவில்லை. எங்கள் கூட்டத்துக்குப் பிறகு அதே தாளில் எட்டு முத்திரை வரிசையாக விழுந்து, இடம் போதாமல் நூலகர் புதுத் தாள் ஒட்டினார். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்குச் சொன்ன ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்பது. அந்த நாவலுக்கு அன்றைக்கு எட்டு வாசகர் கிடைத்தார்கள். இதைப் பெயரளவு என்று எழுத உங்கள் கட்டுரையாளருக்கு எப்படி மனசு வந்தது?

எங்கள் வட்டத்தில் பேராசிரியர் யாரும் கிடையாது. நான் ஜாக்கெட் தைக்கிறவள். ரேஷன் கடையில் மூட்டை இறக்குகிறவர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், வயல் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர். அந்த அக்கா முதல் மூன்று கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. நாலாவது கூட்டத்தில் எல்லாரும் ஒரு கதையைப் புகழ்ந்து பேசி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "இதுல குறுவை அறுப்பைத் தை மாசத்துல வெச்சிருக்காங்களே தம்பி. குறுவையை நாங்க ஐப்பசி அடமழைக்கு முன்னாடியே அறுத்துடுவோம். தையில அறுக்கறது சம்பா." அவ்வளவு பேர் படித்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. அன்றைக்கு இரண்டு மணி நேரமும் அதைப் பற்றித்தான் பேச்சு. கதை எழுதுகிறவருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் எழுதினால் எங்கே இடிக்கும் என்று. வீட்டில் தனியாகப் படித்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது.

சரி, குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு பிரதி. பன்னிரண்டு பேர் ஒரு மாதத்துக்குள் படித்தாக வேண்டும். ஆளுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்து, என் கடையில் ஒருவர் கொடுத்துவிட்டுப் போக இன்னொருவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். மூன்று பிரதி வாங்கிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். புத்தகம் வாங்குவதெல்லாம் மேலிடத்தில் முடிவாகிறது என்றார்கள். எங்கள் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என்று பிடிக்கிறார்கள். 1948-இல் வந்த சட்டம் அது. இத்தனை வருஷமாக ஒழுங்காகக் கட்டுகிறேன். அந்தப் பணத்தில் எனக்குப் படிக்க ஒரு பிரதி கேட்பது தப்பா?

பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனாலேயே இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இதையும் எழுதிக் கொடுத்தாயிற்று.

நவம்பர் 14 முதல் நூலக வார விழா நடக்கும். அன்றைக்கு மட்டும் வாசகர் வட்டம் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நாற்காலி போட, கோலம் போட எங்களைத்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் மேடையில் ஒன்பது பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் தபால்கார ஐயாவுக்கு ஐந்து நிமிஷம் பேச நேரம் கொடுத்திருந்தார்கள். ராத்திரி உட்கார்ந்து நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது உட்கார இடமும் போய்விட்டது. நாங்கள் கூடும் அறையைப் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் மகனே அங்கே உட்கார்ந்து படித்துத்தான் குரூப் 4 எழுதினான். ஆனால் மாதத்தில் இரண்டு மணி நேரம் எங்களுக்கும் விடக் கூடாதா? மேலதிகாரியின் கடிதம் வேண்டும் என்கிறார்கள். மூன்று தடவை எழுதினோம், பதில் இல்லை. ஆறு மாதமாக வாசலில் புங்கமரத்தடியில் பாய் விரித்து உட்காருகிறோம். இருட்டிவிட்டால் செல்போன் வெளிச்சத்தில் வாசிக்கிறோம்.

எங்களுக்குப் பக்கத்து ஊர் மன்னார்குடி. அங்கே மேலவாசலில் 1931-இல் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அரங்கநாதனும் அதற்குத் துணையாக இருந்தார். படிப்பவர்கள் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போன மண் இது. இங்கே படிப்பவர்கள் புத்தகத்தைத் தேடி வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறோம்.

உங்கள் பத்திரிகை மேலும் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கம் வந்துகொண்டிருந்த நூல் அறிமுகம் அரைப் பக்கம் ஆகிவிட்டது. எங்கள் மாதக் கூட்டத்தைப் பற்றி இரண்டு முறை செய்தி அனுப்பினோம், போடவில்லை. இருபது வருஷமாக இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவள் நான். இல்லாததை எழுதச் சொல்லவில்லை, இருப்பதை இல்லை என்று எழுதாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, மாலை 4 முதல் 6 வரை, அந்த அறை எங்களுக்கு வேண்டும். பேசும் புத்தகத்துக்கு மூன்று பிரதி வேண்டும். இந்த இரண்டையும் உங்கள் பத்திரிகையில் ஒரு ஓரமாகவாவது போடுங்கள், உரியவர்கள் கண்ணில் படட்டும். முடிந்தால் அந்தக் கட்டுரையாளரை அடுத்த மாதக் கூட்டத்துக்கு அனுப்புங்கள். பாயில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
திருவாரூர் மாவட்டம்.