செயலாளர் ஆண்டறிக்கை: வேன் உரிமையாளர், ஓட்டுநர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. சந்தா பாக்கி வழக்கம்போல் இருக்கிறது. பெயர்களைப் பொருளாளர் வாசிப்பார், நான் வாசித்துப் பகையைத் தேடிக்கொள்ள விரும்பவில்லை. மற்றபடி இந்த ஆண்டை முழுதாக விழுங்கியது ஒரே வேலை. வளர்ச்சிசார் குறைபாடு உடையவர்களுக்கான பகல்நேர மையம் ஒன்றுடன் நாம் செய்துகொண்ட போக்குவரத்து ஒப்பந்தம்தான் அது.

சென்ற பேரவையில் இதை எதிர்த்துப் பேசியவன் நான் என்பது நடவடிக்கைக் குறிப்பேட்டில் இருக்கிறது. "பள்ளி வேன் ஓட்டுகிறவர்களுக்கு இது என்ன பெரிய வித்தை?" என்று சபை சிரித்தது. விபத்து வரும், வழக்கு வரும் என்று நான் பயந்தேன், அவை வரவில்லை. ஆனால் பள்ளி வேன் கணக்கும் செல்லவில்லை.

முதல் வண்டி கிளம்புவதற்குள்ளேயே பல மாதங்கள் போயின. ஓட்டுநர், உதவியாளர் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு, உடல்தகுதிச் சான்று, முதலுதவிப் பயிற்சி எல்லாம் வேண்டியிருந்தது. பயணியைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி இறக்கும்போது வண்டிக்கு வெளியே ஏதாவது நேர்ந்தால் நம் காப்பீடு பொருந்துமா என்று கேட்டோம். எழுத்தில் பதில் வரும்வரை வண்டியை எடுக்கவில்லை. மையத்தார் முகம் சுளித்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

சக்கர நாற்காலியை வண்டி போகும் திசை பார்த்து நிறுத்தி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என 4 பட்டைகளால் தரையோடு இறுக்க வேண்டும். பட்டை பிடிப்பது நாற்காலியை மட்டும்தான். உட்கார்ந்திருப்பவருக்கு மடியிலும் தோளிலும் தனி வார் போட வேண்டும். "இரண்டும் எதற்கு?" என்று கேட்ட உறுப்பினரைப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார வைத்து, நின்ற இடத்திலேயே அதை முன்னால் தள்ளி நிறுத்திக் காட்டினார். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. ஆள் உட்காராமலேயே மின்சார நாற்காலி 100 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால், நாற்காலியை வண்டிக்குள் தூக்கும் ஏற்றுமேடை எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் வண்டி வாங்கவேண்டாம்.

வலிப்பு வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள், நேரத்தைக் குறியுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழையுங்கள். இதை எல்லோரும் விரைவில் கற்றுக்கொண்டார்கள். கற்க நாளானது வேறொன்று. ஒருநாள் மாற்று ஓட்டுநர், சாலையில் பள்ளம் தோண்டியிருந்ததால் வேறு வழியாகப் போனார். ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவருக்கு ஒவ்வொரு திருப்பமும் மனப்பாடம். தவறான திருப்பத்தில் அலறத் தொடங்கியவர், மையத்தை அடைந்தும் 40 நிமிடம் இறங்க மறுத்தார். ஓட்டுநர்மீது குற்றமில்லை, அவருக்கு நாம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு பயணிக்கும் ஒரு பக்கக் குறிப்பு உண்டு: எந்த இருக்கை, வானொலி வேண்டுமா, எதைக் கண்டால் பதறுவார், எதைச் சொன்னால் அமைதியாவார். ஆளோ வழியோ மாறினால் முந்தைய மாலையே படத்துடன் வீட்டுக்குத் தகவல் போகிறது. அந்தக் குறிப்பை வண்டிக்கு வெளியே யாரிடமும் பேசக்கூடாது. டீ குடிக்கும் இடத்தில்கூட.

இறக்கிவிடுவது வேறு, ஒப்படைப்பது வேறு. பட்டியலில் பெயருள்ளவர் வாசலுக்கு வந்தால்தான் பயணியை விடலாம். ஒரு வீட்டில் யாருமில்லாமல் ஓட்டுநர் காத்திருக்க, உள்ளே இருந்த மற்ற நால்வரும் பொறுமையிழந்தார்கள். இனி இரண்டாவது தொடர்பாளரை அழைப்போம்; அவரும் கிடைக்காவிட்டால் பயணி மையத்துக்கே திரும்புவார். ஓட்டம் முடிந்ததும் கடைசி இருக்கைவரை நடந்து பார்க்காமல் வண்டியைப் பூட்டக்கூடாது. தூங்கிப்போனவர் குரல் கொடுக்கமாட்டார்.

இனிக் கணக்கு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று விலை கொடுத்தோம். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நானே. வெற்று ஓட்டம், வாசலில் காத்திருப்பு, உதவியாளர் சம்பளம் எதுவும் அதில் இல்லை. விடுப்பு எடுத்தவரின் இருக்கையை வேறொருவருக்கு விற்கவும் முடியாது. நஷ்டத்தைப் பொருளாளர் விவரிப்பார். புதுப்பிக்கும்போது இருக்கைக்கு மாத வாடகை, உதவியாளருக்குத் தனிக் கட்டணம், முந்தைய மாலைக்குள் சொல்லாத விடுப்புக்கும் கட்டணம் என்று கேட்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

புண்ணிய காரியத்தில் பேரம் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு போக்குவரத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உரிமை என்றால் அது நாள் தவறாமல் நடக்கவேண்டும். தர்மமாகத் தொடங்கி, டீசலுக்குக் காசில்லாமல் நாம் பாதியில் நிறுத்தினால் வீட்டுக்குள் அடைபடப்போவது அவர்கள்தான்.

பரிந்துரையைப் பேரவை ஏற்க வேண்டுகிறேன். மூன்றாம் வண்டியின் ஏற்றுமேடை பழுதாகிவிட்டது. நாளை முதல் வேறு வண்டி, வேறு நிறம். அந்த வழித்தட வீடுகளுக்கு இன்று மாலையே படம் அனுப்பி, ஒவ்வொருவரிடமும் பேச இருவர் தேவை. கூட்டம் கலைவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள்.