கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும்

ஆசிரியருக்கு,

கருணைக்கொலை குறித்து மருத்துவர்கள், செவிலியர்களின் மனநிலையை அலசிய கட்டுரை கண்டேன். ‘ஆதரிக்கிறீர்களா?’ என்ற ஒற்றைக் கேள்வி எதையும் தெளிவாக்காது. வென்டிலேட்டரை அகற்றுவது, நோயாளி கேட்டபடி மருத்துவரே உயிரை முடிக்கும் ஊசி போடுவது, நோயாளி தாமே உட்கொள்ள அத்தகைய மருந்தை எழுதித் தருவது ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள். நெதர்லாந்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஊசியையும் அனுமதிக்கிறது. 1997இல் நடைமுறைக்கு வந்த, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலச் சட்டப்படி நோயாளியேதான் மருந்தை உட்கொள்ள வேண்டும்.

வலிக்கேற்ப ‘மார்ஃபின்’ என்ற வலிநிவாரணி மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டுவதையே கருணைக்கொலையாக எண்ணித் தயங்குவோரை வார்டுகளில் இன்றும் காண்கிறோம். அந்தத் தயக்கத்தால் துடிப்பது நோயாளிதான். எனவே, கருத்துக்கணிப்புகள் ஒவ்வொரு செயலையும் விளக்கித் தனித்தனியே கேட்கட்டும். ‘சட்டம் வேண்டுமா?’ என்பதோடு ‘நீங்களே செய்வீர்களா?’ என்றும், மருந்தைத் தயாரித்து அருகில் நிற்க நேரும் செவிலியரிடமும் கேட்கட்டும்.