மாத்திரை இருக்கிறது, மலையிறங்க நாள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைவாகவே வருகிறது. இறப்பு விகிதமோ சுமார் 40 சதவீதம் அதிகம். ஹார்மோன் மருந்துக்கு மசியாத ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ என்னும் முரட்டு வகை அவர்களிடம் ஏறக்குறைய இருமடங்கு என்பதைக் காரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நல்ல மருந்து கைவசம் உள்ள ஹார்மோன் வகையிலும் (உடலின் ஹார்மோன் தூண்டி வளரும் கட்டி) அந்த இடைவெளி இருக்கிறதே! கட்டியின் குணத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? சிகிச்சை கைக்கெட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்; எங்கள் மலையிலும் அதே கேள்விதான்.

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் என் சித்திக்கு வந்ததும் இந்த ஹார்மோன் வகைதான். தினம் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை, குறைந்தது 5 ஆண்டு. விலை பெரிதில்லை. கோவை போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு; மழையில் மண் சரிந்தால் பஸ்ஸும் கிடையாது. கட்டி தட்டுப்பட்டு 7 மாதம் கழித்துத்தான் மலையிறங்கினார், அதுவும் கொழுந்து வரத்து குறைந்த பிறகு.

வகையைக் கண்டறியும் திசு மாதிரியை இங்கேயே எடுத்துக் கீழே அனுப்பி, முடிவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வரவழைக்க முடியாதா? தோடர், குறும்பர், இருளர் ஊர்களில் யாருக்கு எந்த வகை என்ற கணக்கையும் அப்படியே எழுதி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி